நிரப்பக்கூடிய பிடிஎஃப் போட்டாச்சே, பார்வையில்லாதவருக்கு அது போதாதா?

3 பிப்ரவரி 2024, மாலை (பர்மாவின் மௌலமைன் நகர வாசகரின் கேள்வி)

எங்கள் கோவில் தமிழ்ப் பள்ளியின் கோடை வகுப்புக்குச் சேர்க்கைப் படிவம் நான்தான் செய்தேன். வேர்டில் அடித்து, அக்ரோபாட் என்ற பிடிஎஃப் மென்பொருளில் திறந்து, படிவம் தயாரிக்கும் பட்டனை அமுக்கினேன். பெட்டிகள் தாமாகவே வந்து உட்கார்ந்தன. ஒரு பையனின் அம்மாவுக்குப் பார்வை இல்லை. லேப்டாப்பில் பேசும் மென்பொருள் வைத்திருக்கிறார், மெயில் எல்லாம் அவரே போடுவார். படிவத்தை அனுப்பினால் "நிரப்ப முடியவில்லை" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார். காகிதம் என்றால் சரி, இது டிஜிட்டல் படிவம். அதுதான் படித்துக் காட்டுமே? எங்கே தப்பு?

3 பிப்ரவரி, இரவு (என் பதில்)

படிக்கும், தம்பி. எதைப் படிக்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

பெட்டிக்கு இடதுபக்கம் 'தந்தை பெயர்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். கண்ணால் பார்ப்பவனுக்கு அது பெட்டியோடு சேர்ந்தது. மென்பொருளுக்கு அந்த எழுத்து வேறு, பெட்டி வேறு. நாம் முடிச்சுப் போடாவிட்டால் இரண்டும் அந்நியம். அக்ரோபாட்டில் பெட்டிமேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் 'டூல்டிப்' என்று ஓர் இடம் இருக்கும். அதில் 'தந்தை பெயர்' என்று எழுதுங்கள். அந்தப் பேசும் மென்பொருள், அதாவது திரைவாசிப்பான், வாய்விட்டுச் சொல்வது அதைத்தான். எல்லாப் பெட்டிக்கும் செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

4 பிப்ரவரி

பத்து நிமிடம் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். தூக்கத்தில் எழுதியது.

ரங்கூனில் அனோரத்தா சாலைப் பக்கம் எனக்கு ஒரு டிடிபி கடை. (பெரியவர்கள் இன்னும் பிரேசர் தெரு என்றுதான் சொல்கிறார்கள்.) கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, ரசீது புத்தகம், படிவம், எல்லாம் செய்வேன். 2022-இல் ஒரு கோவிலின் கல்வி உதவிக்குப் படிவம் கேட்டார்கள். உங்களைப் போலவே நானும் பட்டனை அமுக்கினேன், பெட்டி வந்தது, பெருமையாக இருந்தது. என் சித்தி மகன் பிறவியிலேயே பார்வையில்லாதவன். மசாஜ் தொழில், ஓய்வு நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பான். அவனிடம் காட்டலாம் என்று கடைக்கு வரச் சொன்னேன். 'காட்டலாம்' என்று போனில் சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் சிரித்தான்.

அவன் லேப்டாப்பில் இருப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். இலவசம். மைக்கேல் கரன் என்ற பார்வையில்லாத ஆஸ்திரேலியர் 2006-இல் எழுத ஆரம்பித்தது. காசு கொடுத்து வாங்கும் ஜாஸ் நம் ஊரில் கட்டுப்படியாகாது. அவன் டேப் கீயைத் தட்டத் தட்ட அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எடிட். எடிட். அன்டிஃபைன்ட், எடிட். அன்டிஃபைன்ட் அண்டர்ஸ்கோர் டூ, எடிட். செக் பாக்ஸ், நாட் செக்டு. செக் பாக்ஸ், நாட் செக்டு. எடிட்."

"அண்ணே, இதுல எந்தப் பெட்டிக்கு எங்க அப்பா பேரு, எந்தப் பெட்டிக்கு உங்க அப்பா பேரு?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த 'அன்டிஃபைன்ட்' அக்ரோபாட் தானாகப் பெட்டி போடும்போது, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் வைத்த பெயர். தானாக வந்த பெட்டியை நம்பக்கூடாது என்பது அன்றைக்குக் கற்றது.

4 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

கேட்க மறந்தேன். வேர்டிலேயே நிரப்பும் பெட்டிகளைப் போட்டுவிட்டு 'பிடிஎஃப் ஆகச் சேமி' கொடுத்தீர்களா? அந்தப் பெட்டிகள் பிடிஎஃப்பில் நிரப்பும்படி வராது, வெறும் படமாகத்தான் நிற்கும். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் செய்தால் வரும். அங்கே பெட்டியின் 'ஹெல்ப் டெக்ஸ்ட்' என்ற இடத்தில் எழுதுவதுதான் டூல்டிப்பாகப் போகிறது. ஏற்றுமதி செய்யும்போது 'டேக்டு பிடிஎஃப்' (இது தலைப்பு, இது பெட்டி என்று உள்ளே குறிபோடும் வகை) டிக் செய்ய மறக்காதீர்கள். அக்ரோபாட் புரோவுக்குக் காசில்லாதவர்களுக்கு இது போதும்.

6 பிப்ரவரி

டூல்டிப் எல்லாம் எழுதிவிட்டேன், இனி சரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சித்தி மகன் தம்பியை இரண்டாம் தடவை வரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பெயர் எல்லாம் சரியாகச் சொன்னது. நிரப்பிக்கொண்டே போனவன், குடும்ப வருமானத்தில் ஆண்டு வருமானத்தை எழுதினான். நான் கேட்டிருந்தது மாத வருமானம். "பெட்டிக்கு மேலேயே கொட்டை எழுத்தில் 'மாத வருமானத்தை மட்டும் எழுதவும்' என்று இருக்கிறதே" என்றேன். "அது எங்கே இருக்கு? என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான்.

இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். திரைவாசிப்பானில் இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று, கீழ் அம்புக்குறியால் வரிவரியாக வாசித்துக்கொண்டே போவது. மற்றது, டேப் தட்டிப் பெட்டிக்குப் பெட்டி தாவுவது. நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் தாவுவார்கள், அதுதான் வேகம். தாவும்போது இரண்டு பெட்டிக்கு நடுவில் அச்சடித்திருக்கும் குறிப்பு காதில் விழவே விழாது. பஸ் ஸ்டாப்புக்கு நடுவில் நிற்கிற ஆள் மாதிரி, வண்டி அங்கே நிற்காது.

ஆகவே குறிப்பு எதுவானாலும் ஒன்று படிவத்தின் தலையிலேயே, முதல் பெட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தந்தப் பெட்டியின் டூல்டிப்பிலேயே சேர வேண்டும்: 'குடும்பத்தின் மாத வருமானம், கியாட்டில், எண் மட்டும்'. அதற்காக டூல்டிப்பில் வியாசம் எழுதாதீர்கள். ஒவ்வொரு தடவை அந்தப் பெட்டிக்குத் திரும்பும்போதும் முழுவதையும் கேட்டாக வேண்டும். ஒரு பெட்டியில் ஒன்றரை வரி எழுதியிருந்தேன். "அண்ணே, இது பெட்டியா பட்டிமன்றமா?" என்றான்.

சிவப்பு நட்சத்திரமும் இந்தக் கணக்குதான். நட்சத்திரம் போட்டால் கட்டாயம் என்று கீழே பொடி எழுத்தில் எழுதுவோம். அதற்குப் பதில் பெட்டியின் பிராப்பர்ட்டீஸில் 'ரெக்கொயர்டு' டிக் செய்தால், வாசிப்பானே "தேவை" என்று சொல்லும்.

7 பிப்ரவரி

சின்ன எச்சரிக்கை. ஒரு பெட்டியைக் காப்பி எடுத்து ஒட்டினால் அதன் பெயரும் கூடவே வரும். ஒரே பெயருள்ள பெட்டிகளை அக்ரோபாட் ஒரே பெட்டியாக நினைக்கும். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் அதுவே விழும். என் முதல் படிவத்தில் 'தாய் பெயர்' எழுதினால் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்திலும் அம்மா பெயரே வந்தது. அது தப்பு என்று மூன்று வாரம் யாருமே சொல்லவில்லை. அவசரம் என்றால் அம்மாவைத்தானே கூப்பிடுவோம்.

11 பிப்ரவரி

பெகுவிலிருந்து ஒரு அக்கா, அடையாள அட்டை எண்ணை எப்படிக் கேட்பது என்கிறார். நல்ல கேள்வி, இதில்தான் எல்லோரும் வழுக்குகிறோம்.

நம் தேசியப் பதிவு எண் ஒரே எண் அல்ல, நான்கு துண்டு. முதலில் மாநில எண், 1 முதல் 14 வரை (ரங்கூனுக்கு 12, பெகுவுக்கு 7, மௌலமைன் இருக்கும் மோன் பக்கம் 10). ஒரு சாய்கோடு. அப்புறம் ஊருக்குரிய பர்மிய எழுத்துகள். அடைப்புக்குறிக்குள் குடியுரிமை வகை. கடைசியில் ஆறு இலக்கம். காகிதப் படிவத்தில் இதை எழுத்துக்கு ஒரு சதுரமாகக் கட்டம் கட்டுவார்கள், சிலேட்டுப் பலகை மாதிரி. அதைப் பார்த்து நானும் கணினியில் ஒவ்வொரு சதுரத்தையும் தனிப் பெட்டியாக்கினேன். தம்பி காதில் விழுந்தது: "எண் 1, எடிட். எண் 2, எடிட். எண் 3, எடிட்." ஆறாவதில் தப்பு செய்தால் எந்த இடம் என்று கண்டுபிடிக்கத் திரும்ப முதலில் இருந்து.

கட்டம் அழகாக வேண்டும் என்றால் அக்ரோபாட்டில் 'கோம்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே பெட்டி, பார்க்க மட்டும் சதுரம் சதுரமாகத் தெரியும், கேட்க ஒரே பெட்டி. மாநில எண்ணுக்கும் குடியுரிமை வகைக்கும் டிராப்டவுன் வையுங்கள், ஊர் எழுத்துக்கும் ஆறு இலக்கத்துக்கும் தனித்தனிப் பெட்டி. டூல்டிப்பில் 'அடையாள அட்டை, 4-இல் 1, மாநில எண்' என்று வரிசை சொல்லிவிடுங்கள். நாலைந்து முறை போட்டுப் பார்த்ததில் இதுதான் சரியாக வந்தது.

11 பிப்ரவரி, இரவு

இரண்டாவது யோசனை. அந்த நான்கு துண்டும் எதற்கு? ஒரே பெட்டி, 'அட்டையில் உள்ளபடி முழு எண்ணையும் எழுதவும்'. கோவில் வகுப்பில் சேர்கிற பிள்ளையின் எண்ணை எந்தக் கணினியும் பிரித்து ஆராயப் போவதில்லை. அதைவிட இன்னொரு யோசனை, கேட்காமலே விடலாம். தமிழ் அரிச்சுவடி படிக்க அடையாள எண் எதற்கு? என் படிவத்தில் 31 பெட்டி இருந்தது. தம்பி ஒவ்வொன்றாக "இது எதுக்கு அண்ணே?" என்று கேட்டதில் 14 ஆனது.

12 பிப்ரவரி

"இவ்வளவு பாடு எதற்கு, பக்கத்தில் யாரையாவது வைத்து நிரப்பிக்கொள்ளலாமே" என்று ஒருவர். கோபம் வரவில்லை, நானும் இப்படித்தான் நினைத்தவன்.

ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கத் தம்பியோடு போயிருந்தேன். படிவத்தை அவனால் நிரப்ப முடியாது என்று கவுன்டரில் இருந்த பெண்ணே பேனாவை எடுத்தார், நல்ல மனசுதான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து சத்தமாக, "மாத வருமானம் எவ்வளவு?" பின்னால் பதினைந்து பேர் வரிசை. அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். அவருக்குக் கேட்கவில்லை. "எவ்வளவு?" என்று மறுபடியும். பின்னால் நின்ற ஒருவர் உதவிக்கு வந்து உரக்கச் சொன்னார்! கல்யாணம் ஆயிற்றா, உடம்புக்கு என்ன, கடன் உண்டா, எல்லாமே இப்படித்தான் அன்றைக்கு அந்த வரிசைக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, டாக்சியில் ஏறும்வரை.

யாராவது நிரப்பித் தருவார்கள்தான். ஆனால் அந்த யாராவதுக்கு நம் பணம், நோய், வீட்டுச் சண்டை எல்லாம் தெரிந்தாக வேண்டும். போதாததற்கு, அவர் சரியாக எழுதினாரா என்று சரிபார்க்கவும் வழியில்லை. கையெழுத்து மட்டும் நம்முடையது.

சட்டமும் சும்மா இல்லை. மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான ஐநா ஒப்பந்தத்தில் நம் நாடு 2011-இல் சேர்ந்தது, உரிமைச் சட்டம் 2015-இல் வந்தது. ஆனால் எந்தச் சட்டமும் என் கடைக்கு வந்து டூல்டிப் எழுதிக் கொடுக்காது.

18 பிப்ரவரி

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மௌலமைன் தம்பி, உங்கள் படிவத்தை அனுப்பி வைத்ததற்கு நன்றி, திறந்து பார்த்தேன். தலைப்பு பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். அங்கேதான் கதை முடிந்தது. பாமினியில் திரையில் தெரிவது 'அம்மா'. உள்ளே கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து: எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். வாசிப்பான் உடையைப் பார்ப்பதில்லை, உடம்பைத்தான் பார்க்கும். "எம்கே செமிகோலன் கேஹெச்" என்று அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கும். உங்கள் பள்ளியின் பெயர், முருகன் பெயர் உட்பட, அவர் காதில் ஏதோ ரகசியக் குறிச்சொல் மாதிரி விழுந்திருக்கும்.

பர்மிய மொழியில் இதே நோய்க்குப் பெயர் ஸாஜி, அதுவும் ஓர் எழுத்துருதான். பத்துப் பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் எல்லாப் போனும் ஸாஜிதான். 2019 அக்டோபர் 1 அன்றுதான் அதிகாரபூர்வமாக யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறினோம். ஸாஜியில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். நம் ஒற்றைக்கொம்பு மாதிரி அவர்களுக்கும் மெய்க்கு முன்னால் நிற்கிற உயிர்க்குறி ஒன்று உண்டு. ஸாஜியில் அதை முதலில் அடிப்பார்கள். யூனிகோடில் மெய்தான் முதலில். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், வாசிப்பான் வாயில் குளறிவிடும். என் கடையில் பழைய படிவ மாதிரிகள் இன்னும் பாதி ஸாஜியில்தான் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்றுகிறேன், வாடிக்கையாளர் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை, தம்பி ஒருவனைத் தவிர.

பாமினியில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் ஒரு தடவை கண்ணால் படித்துவிடுங்கள்.

19 பிப்ரவரி

நேற்று சொன்னதில் ஒரு ஓட்டை. யூனிகோடில் அடித்தால் மட்டும் போதாது. சில மென்பொருள் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எது எந்த எழுத்து என்ற கணக்கை அரைகுறையாக விட்டுவிடும். சோதனை எளிது. பிடிஎஃப்பில் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். 'கொடுக்கவும்' என்பது கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று சிதறி விழுந்தால் காதிலும் அப்படித்தான் விழும். நல்ல வேளையாக டூல்டிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, அது எழுத்துருவில் ஒட்டாமல் தனியாக நிற்கும் யூனிகோடு. அதனால்தான் பெட்டி சரியாகப் பேசும், தலைப்பு மட்டும் உளறும்.

25 பிப்ரவரி

குரல் பற்றி. விண்டோஸோடு வருகிற ஆங்கிலக் குரல், தமிழைக் கண்டால் ஊமையாகித் தாண்டிவிடும். அந்த அம்மாவின் லேப்டாப்பில் தமிழ்க் குரல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நம் படிவத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லாத இடம் இது ஒன்றுதான். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரலில் தமிழும் இருக்கிறது, பர்மியமும் இருக்கிறது. தகரடப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் சொல்வது புரியும். விண்டோஸில் தமிழ் மொழித்தொகுப்பைப் போட்டால் ஒரு தமிழ் ஆண்குரல் வரும், மைக்ரோசாஃப்ட் அதற்கு வைத்த பெயர் வள்ளுவர். தம்பி அதைத்தான் வைத்திருக்கிறான். "வள்ளுவர் வாயால மாத வருமானம் கேட்கிற ஒரே ஆள் நான்தான்" என்பான்.

படிவத்தில் தமிழும் பர்மியமும் ஆங்கிலமும் கலந்திருந்தால் ஆவணத்துக்கு ஒரு மொழியை அறிவிக்க வேண்டும். அக்ரோபாட்டில் டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் போய், அட்வான்ஸ்டு பகுதியில் மொழி. நான் முதலில் மும்மொழியிலும் டூல்டிப் எழுதினேன், ஒரே பெட்டியில் மூன்று மொழி. ஒரு குரலுக்கும் விளங்கவில்லை. இப்போது மொழிக்கு ஒரு கோப்பு, மூன்று கோப்பு. வேலை கூடியது, புலம்பல் குறைந்தது.

3 மார்ச்

பெகு அக்கா மறுபடியும்: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பிறந்த தேதி எழுதினால் ஏதோ சண்டை போடுகிறது என்கிறார்.

தேதிப் பெட்டிக்கு நீங்கள் வடிவம் கட்டிவிட்டிருப்பீர்கள். தப்பாக எழுதினால் அக்ரோபாட் ஒரு எச்சரிக்கை போடும்: எழுதியது இந்தப் பெட்டியின் வடிவத்துக்குப் பொருந்தவில்லை என்று, கடைசியில் பெட்டியின் பெயர். அங்கே அது சொல்வது டூல்டிப் அல்ல, பெட்டியின் உள்பெயர். நான் உள்பெயரை மாற்றாமல் விட்டிருந்தேன். "டெக்ஸ்ட் 17" என்றது. பதினேழாவது பெட்டி எது என்று யாருக்குத் தெரியும்? உள்பெயரையும் பிறந்த தேதி என்று வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, சண்டைக்குக் காரணம் பர்மிய எண்களாக இருக்கலாம். நம் பிள்ளைகள் பர்மிய விசைப்பலகையிலிருந்து மாறாமல் பர்மிய இலக்கத்தில் தேதியைத் தட்டுவார்கள். பார்க்க மிகச் சரியான தேதி. அக்ரோபாட்டுக்கு அது எண்ணே இல்லை. நான் வடிவக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டேன். எந்த இலக்கத்தில், எந்த வரிசையில் எழுதினாலும் சரி. மனிதன்தானே படிக்கப் போகிறான், நானே படித்துக்கொள்கிறேன்.

10 மார்ச்

கொஞ்சம் வழி மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி படித்தது ச்சிமிண்டாய் பார்வையற்றோர் பள்ளியில். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த இடம் கெமென்டைன். அங்கே 1917-இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்று ஒரு பாதிரியார் வந்தார், அவருக்கே பார்வை கிடையாது. பர்மிய எழுத்துக்குப் பிரெயில் முறையை அமைத்தவர் அவர். 1931-இல் இங்கேயேதான் இறந்தார். தம்பிக்கு அவர்மேல் தனி மரியாதை. "கண் தெரியாத ஆள் கண் தெரியாத ஆளுக்குச் செஞ்சதுண்ணே, அதான் ஒழுங்கா இருக்கு" என்பான். என் படிவத்தைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும்.

17 மார்ச்

இத்தனை வாரம் பிடிஎஃப் பிடிஎஃப் என்று எழுதிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிடிஎஃப் வேண்டுமா என்றே இப்போது சந்தேகம்.

பிடிஎஃப் 1993-இல் பிறந்தபோது காகிதத்தைத் திரையில் அப்படியே காட்டத்தான் பிறந்தது. நிரப்பும் பெட்டிகள் 1996-இல் சேர்ந்தன. இது தலைப்பு, இது பத்தி, இது பெட்டி என்று உள்ளே குறிசொல்லும் ஏற்பாடு 2001-இல். அணுகல்தன்மைக்குத் தனித் தரநிலை 2012-இல். வீடு கட்டி முடித்தபின் சுவரை இடித்து வாசல் வைத்த கதை. அதனால்தான் குறியே இல்லாத பெட்டியை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போட முடிகிறது. பெட்டிகள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பதும் அந்தக் குறிகளை நம்பித்தான். கடைசியில் நினைவு வந்து சேர்த்த பெட்டி பெரும்பாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். பேருக்கு அடுத்து நீங்கள் வைத்த 'வயது', கையெழுத்துக்கு அப்புறம் வரும்.

இது கணினியில். நம் ஆட்களில் எத்தனை பேரிடம் கணினி இருக்கிறது? எல்லாம் போன். போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானோடு பிடிஎஃப் படிவத்தைத் திறந்து பார்த்தேன், மூன்று செயலியில். ஒன்றில் பெட்டி இருப்பதையே சொல்லவில்லை. ஒன்றில் சொன்னது, பெயர் சொல்லவில்லை. மூன்றாவது திறக்கவே இல்லை.

இணையப் படிவம் என்றால் போனிலும் நன்றாகப் பேசும், கூகுள் ஃபார்ம் கூடப் பரவாயில்லை. ஆனால் போட்டோ ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும், அங்கே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். நம் ஊரில் கரண்டும் நெட்டும் எப்போது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாதி நிரப்பியபோது நெட் போனால் எல்லாம் போச்சு. பிடிஎஃப் என்றால் இறக்கி வைத்துக்கொண்டு, நெட் வந்ததும் வைபர் செயலியில் அனுப்பலாம். அதனால்தான் இன்னும் விட முடியவில்லை.

தம்பி சொன்ன வழி வேறு. பதினான்கு கேள்வியையும் எண் போட்டு, சாதாரண எழுத்தில் ஒரே வைபர் செய்தியாக அனுப்பு, நான் எண் போட்டுப் பதிலை அனுப்புகிறேன். எந்தப் பெட்டியும் இல்லை, எந்த டூல்டிப்பும் இல்லை. இரண்டு வருடம் நான் கற்ற வித்தையெல்லாம் வீண் என்று தோன்றி, அன்றைக்குக் கொஞ்ச நேரம் அவனோடு பேசவில்லை. இப்போது மூன்று வழியும் வைத்திருக்கிறேன்.

18 மார்ச்

இல்லை, வீண் இல்லை. பெட்டிகளைக் குறைத்ததும், குறிப்பைக் கேள்வியோடு சேர்த்ததும் அந்த வைபர் செய்திக்கும் அப்படியே உதவியது. தம்பியிடம் இதைச் சொல்லவில்லை.

24 மார்ச்

'குடும்பப் பெயர்' பெட்டி கட்டாயம் என்று இருப்பதால் படிவம் நகரவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர். பார்வைக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எரிச்சல் ஒன்றே. பர்மியருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, நமக்கும் கிடையாது. இரண்டு கூட்டமும் வாழ்கிற ஊரில் யார் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்? என் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்பா பெயரைப் பிய்த்துப் போட்டேன். 'பெயர், அட்டையில் உள்ளபடி' என்று ஒரே பெட்டி போதும்.

புகைப்படம் ஒட்டும் சதுரம் பற்றியும் கேட்டீர்கள். அதை வெறும் கோடாகப் போட்டால் வாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. 'புகைப்படத்தைத் தனியாக வைபரில் அனுப்பவும்' என்று படிவத்தின் தலையில் எழுதிவிட்டுச் சதுரத்தை எடுத்துவிட்டேன். கையெழுத்துக்கும் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும் என்று கோவிலில் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். பெரியவர் ஒருவர் மட்டும் கைநாட்டாவது வேண்டும் என்றார். கணினியில் கைநாட்டு எப்படி ஐயா என்றேன். அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

28 மார்ச்

அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை என்ன என்று கேட்கிறீர்கள். அக்ரோபாட்டில் சோதனைக் கருவி இருக்கிறது, டூல்டிப் இல்லாத பெட்டியைப் பிடித்துக் கொடுக்கும். டூல்டிப்பில் 'அஅஅ' என்று எழுதி வைத்தாலும் பாஸ் போட்டுவிடும், அது வேறு.

என்விடிஏவை இறக்குங்கள். படிவத்தைத் திறந்து இன்சர்ட்டோடு எஃப்7 அமுக்கினால் எல்லாப் பெட்டியும் பட்டியலாக வரும், பெயரில்லாதது அங்கேயே பல்லிளிக்கும். அப்புறம் மானிட்டரை அணைத்துவிட்டு முதலில் இருந்து கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். நான் முதல் தடவை செய்தபோது நாலாவது பெட்டியில் கை தானாக மானிட்டர் பட்டனுக்குப் போனது.

20 ஏப்ரல்

திஞ்சான் புத்தாண்டுத் தண்ணீரெல்லாம் காய்ந்தபின் எழுதுகிறேன். மௌலமைன் தம்பியின் புதுப் படிவத்தை அந்த அம்மா தனியாகவே நிரப்பி அனுப்பிவிட்டாராம். ஒரே ஒரு பெட்டியில் மட்டும் சந்தேகம் என்று 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதியிருக்கிறார். மௌலமைன் தம்பி அனுப்பிய படத்தில் பார்த்தேன். ஆசிரியர், கோவில் செயலாளர், மௌலமைன் தம்பி, நான் என்று நான்கு பேர் சரிபார்த்த படிவம். ஆனால் டூல்டிப்பை யார் கண்ணால் பார்க்கிறோம்?

அவர் எழுதியிருந்தது இது: "ஏழாவது பெட்டியில் 'பிறந்த நாய்' என்று கேட்கிறது. எங்கள் வீட்டில் நாய் இல்லை. மகனின் பிறந்த நாளை எழுதியிருக்கிறேன், சரிதானே?"